மணிக்கட்டுக்கு அணுமின்கலம் வேண்டுமா?

(நெய்வேலி நகரியத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மின்சாரத்தைப் பற்றிப் பேச நெய்வேலியை விடப் பொருத்தமான மேடை தமிழ்நாட்டில் இல்லை. ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் துளையிட்டபோது தண்ணீரோடு கறுப்புத் துகள்கள் மேலே வந்த வரலாற்றை இங்கே பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். சோவியத் ஒத்துழைப்போடு 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் படிப்படியாக 600 மெகாவாட்டுக்கு வளர்ந்து, 2020-இல் ஓய்வு பெற்றது. மெகாவாட் என்ற சொல் சாப்பிடும்போதுகூட வீட்டில் அடிபடும் ஊர் இது. நான் இன்று பேசப்போவது அதன் மறுகோடியில் இருக்கும் மைக்ரோவாட்டைப் பற்றி. ஒரு வாட்டைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு.

இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2024 ஜனவரியில் பெய்ஜிங்கைச் சேர்ந்த பீட்டாவோல்ட் என்ற நிறுவனம், ஐம்பது ஆண்டுகள் சார்ஜ் செய்யாமலே இயங்கும் அணு பேட்டரி ஒன்றை உருவாக்கியிருப்பதாக அறிவித்தது. அதைத் தொடர்ந்து, இனி செல்போனுக்கும் ஸ்மார்ட் வாட்சுக்கும் சார்ஜரே தேவையில்லை என்ற செய்தி தமிழ்க் காணொளிகளில் பரவியது. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி இன்று இதுதான்: "கையில் அணு பேட்டரி எப்போது சார் வரும்?" நேர்மையான கேள்வி. நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தப் பொருளைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பெயர் பிவி100. 15 மில்லிமீட்டர் நீளம், 15 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் கனம். ஒரு நாணயத்தின் பரப்புக்குள் அடங்கிவிடும். உள்ளே நிக்கல்-63 என்ற கதிரியக்கத் தகடு, 2 மைக்ரான் கனத்தில். அதன் இருபுறமும் வைரத்தால் ஆன குறைகடத்திப் படலங்கள். நிக்கல்-63 சிதையும்போது பீட்டா துகள்கள், அதாவது வேகமான எலக்ட்ரான்கள், வெளிவருகின்றன. சூரியத் தகட்டில் ஒளி விழுந்தால் என்ன நடக்கிறதோ, அதுவே இந்த எலக்ட்ரான்கள் வைரத்தில் மோதும்போதும் நடந்து மின்னோட்டம் பிறக்கிறது. தகடு ஏன் அவ்வளவு மெல்லியது என்று கேட்பீர்கள். கனத்தைக் கூட்டினால் உள்ளே பிறக்கும் எலக்ட்ரான்கள் வெளியே வராமல் உலோகத்திலேயே அடங்கிவிடும். பீட்டா துகளிலிருந்து மின்சாரம் பெறும் எண்ணம் புதியதல்ல. ரேடியத்திலிருந்து வரும் பீட்டா துகள்களைக் கொண்டு மின்னழுத்தம் உண்டாக்க முடியும் என்பதை இங்கிலாந்தின் ஹென்றி மோஸ்லி 1913-லேயே காட்டிவிட்டார்.

பிவி100 தரும் மின்னழுத்தம் 3 வோல்ட். திறன் 100 மைக்ரோவாட். இந்த இரண்டாவது எண்ணைத்தான் காணொளிகள் சொல்லாமல் தாண்டிவிடுகின்றன.

இன்று கடையில் வாங்கும் ஸ்மார்ட் வாட்சில் ஏறத்தாழ 300 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும். அது ஒரு நாள் தாங்குகிறது என்று கொண்டால், கடிகாரம் சராசரியாக 50 மில்லிவாட் தின்கிறது என்று பொருள். அதை 100 மைக்ரோவாட் பேட்டரிகளால் ஓட்ட 500 பேட்டரிகள் வேண்டும். அவற்றை அடுக்கினால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை விடப் பெரிதாகிவிடும். கையில் கட்ட முடியாது. செல்போன் கணக்கு இன்னும் கடுமை. 5,000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட சாதாரண செல்போனை ஒரே ஒரு முறை முழுதாகச் சார்ஜ் செய்ய, ஒரு பிவி100-க்கு ஏறத்தாழ 22 ஆண்டுகள் ஆகும். இடையில் துளியும் வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் இதுதான் கணக்கு.

அந்த நிறுவனம் அடுத்து 1 வாட் பேட்டரி தயாரிக்கப் போவதாகவும் சொன்னது. இதற்குப் பொறியாளர் திறமை மட்டும் போதாது, இயற்கையும் இடம்கொடுக்க வேண்டும். கலப்பே இல்லாத நிக்கல்-63 ஒரு கிராம் வெளிவிடும் மொத்தத் திறனே 6 மில்லிவாட்டுக்குள்தான். அதில் ஒரு துளிகூடச் சிந்தாமல் மின்சாரமாக மாற்றினாலும் 1 வாட்டுக்கு 170 கிராம் வேண்டும். நடைமுறையில் பத்தில் ஒரு பங்கு மின்சாரமாக மாறினாலே பெரிய சாதனை. அப்படியானால் 1.7 கிலோ. நிக்கல்-63 மண்ணில் கிடைப்பதல்ல. இயற்கை நிக்கலில் நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லாத நிக்கல்-62-ஐப் பிரித்தெடுத்து, அதை அணு உலைக்குள் வைத்து நியூட்ரான் ஏற்றித்தான் உண்டாக்க வேண்டும். அதைக் கிலோக் கணக்கில் தயாரித்து மணிக்கட்டுகளுக்குப் பங்கிடுவது நடக்கக்கூடிய காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் அணுவின் ஆற்றல் பெரிது என்று படித்ததெல்லாம் பொய்யா? பொய்யல்ல. நெய்வேலிக் கணக்கிலேயே சொல்கிறேன். நம் பழுப்பு நிலக்கரி ஒரு கிலோவை எரித்தால் ஏறத்தாழ 2,600 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கும். அதாவது சுமார் 3 யூனிட். விண்கலங்களில் பயன்படும் புளூட்டோனியம்-238 ஒரு கிராம், தான் முழுதாகச் சிதைந்து தீரும்வரை தரும் வெப்பம் சுமார் 630 யூனிட். ஒரு கிராமுக்குள் 200 கிலோவுக்கும் மேற்பட்ட பழுப்பு நிலக்கரி ஒடுங்கி இருக்கிறது! ஆனால் அந்தக் கிராம் எந்த நேரத்திலும் வெளிவிடுவது அரை வாட்டைக் கொஞ்சம் தாண்டிய வெப்பம் மட்டுமே. அதில் பாதி தீரவே ஏறத்தாழ 88 ஆண்டுகள் ஆகும். சுரங்கத் தண்ணீர் போய்ச் சேரும் வாலாஜா ஏரியையும் பெருமாள் ஏரியையும் நீங்கள் அறிவீர்கள். கடல்போல் நிறைந்த ஏரிக்கு ஊசித்துளை அளவில் ஒரே ஒரு மதகு இருந்தால் எப்படி இருக்கும்? இருப்பு எவ்வளவானாலும் பாசனம் துளையின் அளவுக்குத்தான் நடக்கும். அந்தத் துளையை நம்மால் பெரிதாக்கவும் முடியாது, அடைக்கவும் முடியாது. நிலக்கரியை அடுப்பில் அள்ளிப் போட்டால் வெப்பம் கூடும், அள்ளாவிட்டால் குறையும். கதிரியக்கத் தனிமம் நம் ஆணைக்குக் கட்டுப்படுவதில்லை. கடிகாரம் கையில் இருந்தாலும் அலமாரியில் கிடந்தாலும் அது பாட்டுக்குச் சிதைந்துகொண்டே இருக்கும்.

புளூட்டோனியத்தைக் கொண்டு ஸ்மார்ட் வாட்ச் செய்தால் என்ன என்று கேட்கலாம். வெப்பத்தை மின்சாரமாக மாற்றும் வெப்பமின் இரட்டைகளில் நூற்றுக்கு ஐந்து பங்கு தேறும் என்று கொண்டால், ஒரு கடிகாரத்துக்கு 2 கிராமுக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். அமெரிக்கா தன் விண்வெளித் திட்டங்களுக்காக வைத்திருக்கும் உற்பத்தி இலக்கே ஆண்டுக்கு 1.5 கிலோ புளூட்டோனியம் ஆக்சைடுதான். ஒரு நாட்டின் முழு ஆண்டு உற்பத்தி ஆயிரம் கடிகாரத்துக்குக்கூடக் காணாது.

கணக்கு இதோடு முடிகிறது. கதிரியக்கத்தின் ஆற்றலை உண்மையிலேயே நாடிய இடங்களைப் பார்த்தால்தான் விஷயம் முழுதாகப் புரியும்.

1970 ஏப்ரல் 27 அன்று பாரிஸில் ஒரு நோயாளியின் உடலில் புளூட்டோனியத்தால் இயங்கும் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. அன்றைய பேஸ்மேக்கர்களின் பாதரச பேட்டரி இரண்டு ஆண்டுகள் தாங்குவதே அரிது. ஒவ்வொரு முறையும் மார்பைக் கிழித்துத்தான் பேட்டரியை மாற்ற வேண்டும். இதயத்துக்குத் தேவையான மின்துடிப்போ சில பத்து மைக்ரோவாட்டுக்குள் அடங்கிவிடும். இங்கே ஊசித்துளை மதகே போதும். அது முப்பது ஆண்டு தொடர்ந்து ஓட வேண்டும், அவ்வளவுதான். அணு மின்கலம் அதைச் செய்துகாட்டியது. அமெரிக்காவின் நியூவார்க் நகர மருத்துவமனை ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு இவை பொருத்தப்பட்டன. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களை ஆராய்ந்தபோது, புற்றுநோய் பொதுமக்களிடம் காணப்படும் அளவை விடக் கூடுதலாக இல்லை என்று தெரிந்தது. பிறகு ஏன் கைவிட்டார்கள்? 1970-களின் தொடக்கத்தில் லித்தியம்-அயோடின் பேட்டரி வந்தது. அது பத்து ஆண்டு அளவுக்கு உழைத்தது, விலையும் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளி எங்கே போகிறார், எப்போது காலமானார் என்று யாரும் பின்தொடர வேண்டியதில்லை. அணு பேஸ்மேக்கர் வைத்தவர் இறந்தால் அதை எடுத்து ஒப்படைத்தாக வேண்டும். எடுக்கத் தவறி உடல் தகனமேடைக்குப் போய்விட்டாலும் உறை உடையக் கூடாது என்பதால், தகனத் தீயைத் தாங்கும் சோதனையும் அதற்கு வைத்தார்கள். இறந்தோரைப் பெரும்பாலும் எரியூட்டும் நம் நாட்டில் இந்தச் சோதனையின் பொருள் இன்னும் ஆழமானது.

அடுத்தது நம் நாட்டிலேயே நடந்தது. சீனா 1964-இல் அணுகுண்டு சோதித்த பிறகு, அதைக் கண்காணிக்கும் கருவி ஒன்றை இமயத்தின் நந்தாதேவி உச்சியில் வைக்க அமெரிக்க, இந்திய உளவு அமைப்புகள் இரண்டும் சேர்ந்து திட்டமிட்டன. 1965 அக்டோபரில் கேப்டன் எம்.எஸ். கோஹ்லி தலைமையில் குழு ஏறியது. கருவிக்கு மின்சாரம் தர ஸ்நாப்-19சி என்ற புளூட்டோனிய மின்னாக்கியை ஷெர்பாக்கள் முதுகில் சுமந்தார்கள். உடம்போடு ஒட்டி மனிதர்கள் சுமந்த அணு மின்னாக்கி அது. குளிரில் கதகதப்பாக இருந்ததால் அந்தச் சுமையைத் தூக்கப் போட்டியே இருந்ததாகப் பின்னாளில் சொல்லப்பட்டது. உச்சிக்குச் சற்றுக் கீழே பனிப்புயல் மடக்கியது. கருவியைப் பாறையில் கட்டிவிட்டு ஆட்களைக் காப்பாற்றி இறக்கினார்கள். அடுத்த வசந்தத்தில் போய்ப் பார்த்தால் அங்கே எதுவும் இல்லை. பனிச்சரிவு அடித்துப் போயிருக்க வேண்டும். 1978-இல் செய்தி கசிந்து, பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் விளக்கம் தர நேர்ந்தது. தேடல்கள் பல நடந்தன. இன்றுவரை அது கிடைக்கவில்லை. கங்கைக்கு நீர் தரும் மலைத்தொடரில் எங்கோ கிடக்கக்கூடும்.

மூன்றாவது எடுத்துக்காட்டை மகிழ்ச்சியோடு சொல்கிறேன். பக்கத்து விழுப்புரத்தின் பிள்ளை வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்து நடத்திய சந்திரயான்-3-இன் உந்துவிசைக் கலத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையம் செய்த இரண்டு கதிரியக்க வெப்பமூட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு வாட். தரையிறங்கிய விக்ரமிலும் பிரக்யானிலும் அவை இல்லை. 2023 செப்டம்பரில் நிலவின் இரவு வந்தபோது விக்ரமும் பிரக்யானும் உறங்கின, மறுபடி எழவில்லை. பதினான்கு நாள் இருட்டும் உறைகுளிரும் நீடிக்கும் அந்த நிலத்தில், ஒரு வாட் வெப்பம் இயந்திரத்தின் உயிரைக் காக்கும். அங்கே போய் சார்ஜர் மாட்டவோ பேட்டரி மாற்றவோ யாராலும் முடியாது.

மார்புக்கூட்டின் உள்ளே, மலையுச்சியில், நிலவின் இரவில் என்று இந்த மூன்று இடங்களுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: மறுபடி மனிதக் கை எட்டாத இடங்கள் இவை. அத்தகைய இடங்களுக்கே அணு மின்கலம் தகும். நம் மணிக்கட்டோ உலகிலேயே மிக எளிதாகக் கை எட்டும் இடம். எச்எம்டி கடிகாரம் கட்டிய தலைமுறை தினமும் காலையில் இரு விரலால் சாவி கொடுத்தே வாழ்ந்தது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனம் 1976-லேயே வெளிச்சத்தால் ஓடும் முள் கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய குவார்ட்ஸ் கடிகாரத்துக்கு இரண்டு மைக்ரோவாட் அளவே போதும். பித்தான் பேட்டரி இரண்டாண்டு வரும், மெயின் பஜாரில் கடிகாரக்காரர் ஐந்து நிமிடத்தில் மாற்றித் தந்துவிடுவார். உடலின் சூடு, நடையின் அசைவு, வெயில் மூன்றும் அணிகருவிக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. நெய்வேலி வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சுரங்கத்தில் வேலை செய்வோருக்கு அணிகருவிகள் வரவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோடையில் சுரங்கத் தரையில் நிற்பவரின் உடல்சூட்டையும் நாடித் துடிப்பையும் அளந்து எச்சரிக்கும் பட்டை, பக்கெட் வீல் இயந்திரமோ கனரக வண்டியோ நெருங்கினால் அதிரும் தலைக்கவசம் எல்லாம் தேவைதான். நிரந்தரத் தொழிலாளிக்குக் கொடுப்பதை ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கொடுக்க வேண்டும். ஆனால் எட்டு மணி நேர ஷிப்டு முடிந்ததும் அந்தக் கருவி திரும்பி வந்து வரிசையாகச் சார்ஜில் மாட்டப்படும். ஐம்பது ஆண்டு பேட்டரி அங்கே எதற்கு?

கல்பாக்கத்தில் பணி செய்தபோது நான் அணிந்த ஒரு பட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதிர்வீச்சுப் பணியாளர் எல்லோரும் அணியும் டிஎல்டி பேட்ஜ். ஒரு சிறிய அலுமினியத் தகடு. அதில் டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள் மூன்று. வெளியே பிளாஸ்டிக் உறை, இரண்டு வில்லைகளுக்கு வெவ்வேறு வடிகட்டி, மூன்றாவது திறந்தபடி. உடலில் படும் கதிர்வீச்சு வில்லையிலும் படும், அதன் ஆற்றலில் ஒரு பங்கு அங்கே தங்கும். குறித்த கால இடைவெளியில் எடுத்துச் சூடாக்கினால், வாங்கிய கதிர்வீச்சுக்கு ஏற்ப அது ஒளி விடும். அந்த ஒளியை அளந்து கணக்கிடுவார்கள். பேட்டரி கிடையாது, கம்பி கிடையாது. அணுசக்தித் துறையே தன் ஆட்களுக்கு அணிவித்த கருவி மின்சாரமே இல்லாமல் இயங்குகிறது. ஒவ்வொரு பேட்ஜும் எண்ணிக் கொடுக்கப்பட்டு எண்ணி வாங்கப்படுகிறது என்பதுதான் இதில் நான் மிகவும் மதிக்கும் அம்சம்.

அந்தக் கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதை வரலாறு காட்டியிருக்கிறது. அணுவும் அணிகலனும் கைக்கடிகாரத்தில் முன்பே சந்தித்திருக்கின்றன. முதல் உலகப்போர்க் காலத்தில் இருட்டிலும் மணி தெரிய ரேடியம் பூசினார்கள். நியூ ஜெர்சியின் ஆரஞ்ச் நகரத் தொழிற்கூடத்தில் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிப் பூசிய இளம்பெண்களின் தாடை எலும்பு அரித்துப்போனது. பலர் இறந்தார்கள். அந்தக் கடிகாரங்கள் இன்று ஒளிராது, ஏனென்றால் ஒளிரும் பூச்சு கெட்டுவிட்டது. ரேடியம் கெடவில்லை, அதில் பாதி சிதைவதற்கான காலமான அரைவாழ்வு 1,600 ஆண்டுகள்.

நம் நாட்டின் பாடம் மாயாபுரி. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல ஆண்டுகள் சும்மா கிடந்த காமா கதிர்க் கருவி 2010 பிப்ரவரியில் பழைய சாமானோடு ஏலம் போனது. மாயாபுரி இரும்புச் சந்தையில் அதை உடைத்தார்கள். உள்ளே இருந்தது கோபால்ட்-60. ஏப்ரலில் தொழிலாளிகள் நோயுற்று மருத்துவமனைக்கு வந்த பிறகே உண்மை தெரிந்தது. ஒருவர் இறந்தார். கோபால்ட்-60-இன் காமா கதிர் வேறு, நிக்கல்-63-இன் மெல்லிய பீட்டா வேறு. இரண்டையும் ஒன்றாகச் சொல்லி யாரையும் நான் பயமுறுத்த மாட்டேன். நிக்கல்-63-இன் பீட்டாவை மெல்லிய உலோக உறையே தடுத்துவிடும். உறை முழுதாக இருக்கும்வரை அணிபவருக்கு ஆபத்தில்லை. ஆபத்து, உறை உடைந்து தூள் மூச்சிலோ சோற்றிலோ கலந்தால்தான். பழைய செல்போனைச் சுத்தியலால் உடைத்து, பலகையை அமிலத்தில் போட்டு, மிச்சத்தைத் தெருவோரம் எரிக்கும் பழக்கம் இன்னும் இருக்கும் நாட்டில் உறை எத்தனை நாள் முழுதாக இருக்கும்? படித்தவர்கள் நிறைந்த ஒரு பல்கலைக்கழகத்திலிருந்தே ஒரு கருவி காயலான் கடைக்குப் போனது. கோடிக்கணக்கான கைகளில் இருக்கும் கோடிக்கணக்கான கடிகாரங்களை யார் எண்ணுவது?

இத்தகைய கட்டுப்பாட்டுக்கு முன்மாதிரி ஒன்று நம்மிடம் உண்டு. புகை உணரும் கருவிகள் சிலவற்றில் அமெரிசியம்-241 துளி அளவில் இருக்கிறது. அவற்றை விற்க 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வகை ஒப்புதல் வேண்டும். பயன்பாடு முடிந்தால் குப்பையில் போடக் கூடாது, தந்தவரிடமே திருப்ப வேண்டும். அணு மின்கலம் இந்தியச் சந்தைக்கு வந்தால் அதற்கும் இதைவிடக் குறைந்த கட்டுப்பாட்டை ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அணு மின்கல ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகமும் அந்நாட்டு அணுசக்தி ஆணையமும் சேர்ந்து கார்பன்-14 வைர மின்கலத்தை உருவாக்கின. உலைகளில் கழிவாகச் சேர்ந்த கிராஃபைட்டில் இருக்கும் கார்பன்-14-ஐ வைரமாக்கி அடைக்கும் வழி அது, கழிவையும் குறைக்கும். கார்பன்-14-இன் அரைவாழ்வு சுமார் 5,700 ஆண்டுகள். நம் கனநீர் உலைகளின் கனநீரில், அணு மின்கலத்துக்கு உதவக்கூடிய டிரிட்டியம் சேர்ந்துகொண்டே இருக்கிறது. கண்ணுக்குள், மூளைக்குள் பொருத்தும் நுண்கருவிகளுக்கும், ஆழ்கடலில் இறக்கும் உணரிகளுக்கும், அடுத்த நிலவுப் பயணத்துக்கும் இவற்றைப் பயன்படுத்த நம் இளைஞர்கள் உழைக்கட்டும். ஒரு நாள் முழுக்கச் சேர்ந்த 100 மைக்ரோவாட், எட்டரை ஜூல் ஆகும். அதைச் சேமித்துவைத்து ஒரு நொடியில் செலவிட்டால் ஓர் உணரி தன் அளவீட்டைத் தாராளமாக அனுப்பிவிடலாம். அவ்வளவு சிக்கனமாக இயங்கும் மின்சுற்றை வடிவமைப்பதே இன்றைய சவால். அதை இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களாலும் செய்ய முடியும். அதற்கு அணு உலை தேவையில்லை.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அணு பேட்டரி வைத்த கடிகாரம் என்று எதையாவது யாராவது விற்க வந்தால், எத்தனை ஆண்டு ஓடும் என்று கேட்காதீர்கள். எத்தனை மைக்ரோவாட் தரும் என்று கேளுங்கள். பிறகு பெட்டியைத் திருப்பிப் பார்த்து, பயன்பாடு முடிந்ததும் அதை யாரிடம் திருப்பித் தர வேண்டும் என்ற முகவரியும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதல் எண்ணும் அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள், வீட்டில் உள்ளவர்களையும் வாங்க விடாதீர்கள்.